கதைக்கும் ஒரு பருவம்

வெயில் காலத்தில் கதை கேட்டால் தவளையும் பாம்பும் படுக்கையில் வந்து ஏறிக்கொள்ளும் என்று சொல்லிப் பேரப்பிள்ளைகளை அடக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் ஓஜிப்வே மக்களிடம் உண்டு. சிரித்துக்கொண்டே சொன்னாலும் விதி விதிதான். முதல் பனி விழுந்து தரையை மூடிய பிறகு கதையை ஆரம்பிக்கலாம். வசந்தத்தில் பனி உருகத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நடுவில் உள்ள மாதங்களில் ஊர்ப்பேச்சு பேசலாம், வேட்டைக்குப் போன அனுபவத்தைச் சொல்லலாம், அண்டை வீட்டுக்காரனைப் பற்றிக் கோள் சொல்லலாம். பழங்கதை மட்டும் கூடாது.

சுப்பீரியர், ஹ்யூரான், மிஷிகன் என்ற மூன்று பெரிய ஏரிகளைச் சுற்றி, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பரவியிருக்கிறார்கள் இவர்கள். தங்களை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்வார்கள். பழைய வாழ்க்கையில் இவர்களுக்குக் கோடையில் மீன். இலையுதிர் காலத்தில் ஏரியில் தானாக விளையும் காட்டரிசியைத் தோணியில் போய்த் தட்டிச் சேர்ப்பார்கள். வசந்தத்தில் மேப்பிள் மரத்தில் பால் இறக்கிச் சர்க்கரை காய்ச்சுவார்கள். குளிர்காலத்தில்தான் குடும்பங்கள் தனித்தனியாகப் பிரிந்து காட்டுக்குள் போகும். பூர்ச்சமரப் பட்டை வேய்ந்த குடிசை, நடுவில் நெருப்பு, வெளியே முழங்கால் அளவு பனி, முடிவில்லாத இரவு. கதைக்கு இதைவிட நல்ல நேரம் ஏது?

சௌகரியம் பார்த்து ஏற்பட்ட விதி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. கதையில் வருகிறவர்கள் கோடையில் விழித்திருக்கிறார்கள். தங்களைப் பற்றிப் பேசினால் காதில் விழும். தூங்குகிறபோது பேசுவதுதான் மரியாதை.

இந்தக் காரணம் அவர்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது. நம் இலக்கணம் பெயர்ச்சொற்களை உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறதல்லவா? ஓஜிப்வே இலக்கணம் உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்கிறது. அந்தப் பிரிவு நம் கணக்குக்கு அகப்படாது. கல் உயிருள்ள பக்கம். பனியும் அந்தப் பக்கம். சமைக்கிற கெண்டிகூட அந்தப் பக்கம்தான். ஒரு மனிதன் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் அதற்குத் திபாஜிமோவின் என்று பெயர், அது உயிரற்றது. பழங்கதைக்கு ஆதிஸோகான் என்று பெயர், அது உயிருள்ளது. கதையையும் கதையில் வருகிறவரையும் அந்த ஒரே சொல் குறிக்கும். ஆகவே கதை சொல்வதென்றால் அவர்களுக்கு ஒரு ஜீவனை வீட்டுக்குள் அழைப்பது மாதிரி.

இதை இத்தனை விரிவாக எழுதக் காரணம் ஒரு நண்பர். குழந்தைகளுக்காக மாதப் பத்திரிகை நடத்துகிறார். நான் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தேடித் தேடிப் படிப்பது அவருக்குத் தெரியும்.

“கோடை விடுமுறை மலருக்கு ஆறு கதை கொடுங்கள், சார். அந்தச் சிவப்பிந்தியர் கதைகளே போதும். அசிங்கம், அழுகை இரண்டையும் எடுத்துவிடுங்கள். முடிவில் ஒரு நீதி வரட்டும்” என்றார்.

சிவப்பிந்தியர் என்ற பெயரை விட்டுவிடலாம் என்றேன். திசை தெரியாமல் கரையேறிய ஒரு மாலுமி வைத்த பெயரை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? அதற்கு அவர் உடனே சம்மதித்தார். மற்ற மூன்றையும் பற்றித்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கோடை மலர், அசிங்கமும் அழுகையும் இல்லாத கதை, முடிவில் நீதி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. பத்திரிகைக்காரர் வேறு என்ன கேட்பார்?

இருபது வருஷத்துக்கு மேலாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வெட்டுவது, ஒட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் என் தொழில். என் கதாபாத்திரத்தை நான் கொன்றால் வாசகர் கடிதம் வரும், அவ்வளவுதான். பிறர் வீட்டுக் கதையில் கை வைக்கும்போது அந்த உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது? குழந்தைக்காக என்று சொல்லி ஒன்றை எடுத்துவிடுகிறோம். உண்மையில் அதைக் குழந்தைக்காகத்தான் எடுக்கிறோமா?

அசிங்கம் என்று நண்பர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓஜிப்வே கதைகளின் நாயகன் நானபோஜோ. தாய் மானிடப் பெண்; தந்தை மேற்குக் காற்று. பாட்டி நோகோமிஸ் வளர்த்த பிள்ளை. வெள்ளத்தில் உலகம் முழுகியபோது, நீரெலி ஒன்று உயிரைக் கொடுத்து அடியிலிருந்து எடுத்து வந்த ஒரு பிடி மண்ணைக் கொண்டு மறுபடி பூமியை உண்டாக்கியவன் அவன்தான். அதே நானபோஜோ பெருந்தீனிக்காரன், புளுகன், அவசரக்காரன்.

ஒரு நாள் நீர்ப்பறவைகளை நாட்டியத்துக்கு அழைக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டும் என்பது நிபந்தனை. அவை ஆட ஆட, ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகுகிறான். முக்குளிப்பான் ஒன்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கூச்சலிட, மிஞ்சியவை தப்பி ஓடுகின்றன. அகப்பட்டவற்றைக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுடுமணலில் புதைத்து வேகவைத்துவிட்டு, நானபோஜோ படுக்கிறான். காவல் யார்? தன்னுடைய பின்புறத்தையே காவல் வைக்கிறான்! “யாராவது வந்தால் எழுப்பு” என்று உத்தரவு. அது விசுவாசமாகக் கத்தி எழுப்புகிறது. இவன் எழுந்து பார்க்கும்போது வந்தவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். பொய் சொல்கிறாய் என்று அதைத் திட்டுகிறான். கடைசியில் அதற்கும் ரோஷம் வந்து வாயை மூடிக்கொள்கிறது. வந்தவர்கள் இறைச்சியைத் தின்றுவிட்டுக் கால்களை மட்டும் பழையபடி மணலில் நட்டுவிட்டுப் போகிறார்கள். விழித்த நானபோஜோ காலைப் பிடித்து இழுக்கிறான், கால்தான் வருகிறது.

காவல் தவறியதற்குத் தண்டனை கொடுக்க வேண்டாமா? நெருப்பின்மேல் நின்று தன் பின்புறத்தைத் தானே சுட்டுக்கொள்கிறான். பிறகு வலி பொறுக்காமல் புதர் வழியே நடந்து போகிறான். இரத்தம் பட்ட செடியெல்லாம் சிவந்துவிடுகிறது. புண்ணின் பொருக்கு உதிர்ந்து பாறைமேல் ஒட்டிக்கொள்கிறது.

இந்தக் கதை குழந்தைகள் பதிப்புகள் பலவற்றில் முக்குளிப்பான் கூச்சலிடுவதோடு முடிந்துவிடும். பறவைக்கு அப்படிக் கால் அமைந்ததன் காரணம் இதுதான் என்று ஒரு வாக்கியம். சுபம்.

எடுத்துவிட்ட பகுதியில் என்ன போயிற்று என்று பாருங்கள். அந்தச் சிவந்த செடியின் உள்பட்டையை ஓஜிப்வே மக்கள் புகையிலையோடு கலப்பார்கள். பாறைமேல் ஒட்டியது பாறைப்பாசி. வேட்டை கிடைக்காத குளிர்காலத்தில், வேறு எதுவும் இல்லாதபோது, சுரண்டி வேகவைத்துக் குடித்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் உணவு அது. அதாவது, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் இடத்தில் பஞ்ச காலத்துக்கு வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். பசியோடு பாறையைச் சுரண்டும் பிள்ளைக்கு நானபோஜோவின் நினைவு வரும். பசியிலும் ஒரு சிரிப்பு வரும். நாம் அசிங்கத்தை எடுத்தால் சோறும் கூடவே போய்விடுகிறது.

பின்புறம் என்ற சொல்லைக் கேட்டு எந்தக் குழந்தையாவது வருத்தப்பட்டதுண்டா? ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே பெரிய ஹாஸ்யம் அதுதான். கூச்சம் நமக்கு.

இந்தக் கத்தரிக்கோல் வேலை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. 1822-ல் ஹென்றி ரோ ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் சுப்பீரியர் ஏரியின் வாயிலில் உள்ள சூ செயின்ட் மரீ என்ற ஊருக்கு அமெரிக்க அரசின் ஏஜெண்டாக வந்தார். பழங்குடி மக்களோடு அரசுக்குள்ள காரியங்களைக் கவனிப்பது உத்தியோகம். மறு வருஷம் ஜேன் ஜான்ஸ்டன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். ஜேனின் தந்தை அயர்லாந்திலிருந்து வந்த வியாபாரி. தாய் ஓஜிப்வே தலைவர் ஒருவரின் மகள். ஜேனுக்கு ஓஜிப்வே மொழியில் ஒரு பெயர் உண்டு. வானத்தில் நட்சத்திரங்கள் விரைந்தோடும் ஓசை என்று அதன் பொருளைச் சொல்கிறார்கள். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவர்; கவிஞர். தாய் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எழுத, கணவர் தொகுத்தார். 1839-ல் இரண்டு பாகமாக ‘ஆல்ஜிக் ரிசர்ச்சஸ்’ வெளிவந்தது. நூலாசிரியர் என்று தலைப்புப் பக்கத்தில் இருந்தது கணவர் பெயர் ஒன்றுதான்.

கொச்சையானவற்றைக் களைந்துவிட்டதாகவும், சில கதைகளை இரண்டாக உடைத்ததாகவும், சிலவற்றைப் பாதியில் நிறுத்தியதாகவும் ஸ்கூல்கிராஃப்ட் தாமே எழுதியிருக்கிறார். மறைக்கவில்லை, தோட்டக்காரன் களை பிடுங்கியதைச் சொல்வது போலச் சொல்கிறார். அவரை வெறும் வில்லனாக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதி வைக்காவிட்டால் இன்று நானும் படித்திருக்க மாட்டேன். ஆனால் இதே மனிதர்தான் 1836-ல் அரசின் சார்பில் பேரம் பேசி, ஒட்டாவா, ஓஜிப்வே மக்களிடமிருந்து மிஷிகனில் 1 கோடி 30 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை எழுதி வாங்கியவர். கதையையும் நிலத்தையும் ஒரே கை வாங்கியிருக்கிறது. ஒன்றைப் படிக்கும்போது மற்றது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பிறகு லாங்ஃபெல்லோ வந்தார். மகாகவி; நல்ல மனிதர். ஸ்கூல்கிராஃப்டின் புத்தகங்களை வைத்துக்கொண்டு 1855-ல் ‘ஹையவாத்தா’ காவியத்தைப் பாடினார். நானபோஜோவின் கதைகளை எடுத்துக்கொண்டு, ஹையவாத்தா என்ற பெயரைச் சூட்டினார். அது இரோக்வாய் மக்களின் பெருந்தலைவர் ஒருவரின் பெயர். ஓஜிப்வேயும் இரோக்வாயும் ஒரு காலத்தில் போரிட்டுக்கொண்ட பகைவர்கள்! சந்தத்தைப் பின்லாந்தின் ‘கலேவலா’விலிருந்து எடுத்துக்கொண்டார். புளுகனும் பெருந்தீனிக்காரனுமான நானபோஜோ அங்கே மாசுமறுவற்ற உத்தமனாகிவிட்டான். கடைசிக் காட்சியில் வெள்ளைப் பாதிரியார் வருகிறார். நாயகன் அவரை உபசரித்து, அவர் சொல்லைக் கேட்டு நடங்கள் என்று தன் ஜனங்களுக்குச் சொல்லிவிட்டுத் தோணியில் ஏறி மேற்கே போய்விடுகிறான். தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகிற நாயகனைப் போல, வந்து குடியேறியவர்களுக்குச் சௌகரியமான நாயகன் வேறு யார் கிடைப்பான்?

இங்கே ஒரு கேள்வி எழலாம். பாட்டிமார்கள் மட்டும் கதையை மாற்றாமலா சொல்கிறார்கள்? ஒரு பாட்டி சொன்னபடி இன்னொரு பாட்டி சொல்வதில்லை. நானபோஜோ கதையே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. சிறு பிள்ளை அழுதால் பாட்டி அந்த இடத்தைச் சுருக்குகிறாள். பெரியவன் கேலி செய்தால் நீட்டுகிறாள். அவளுக்குள்ள சுதந்திரம் நமக்கு ஏன் கூடாது?

வாஸ்தவம். ஆனால் பாட்டிக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறது. “போன வருஷம் வேறு மாதிரிச் சொன்னாயே!” என்று கேட்க ஒரு பேரன் இருக்கிறான். “அப்படி இல்லை, அக்கா” என்று திருத்த அவள் தம்பி இருக்கிறான். மறு குளிர்காலத்தில் அவள் மறுபடி சொல்லியாக வேண்டும். அச்சில் சொல்கிற எனக்கு எதிரே யாரும் இல்லை. சென்னையில் உட்கார்ந்து நான் எதைத் திரித்தாலும், சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து ஒருவர் வந்து என் கையைப் பிடிக்கப் போவதில்லை. அந்தப் பாட்டிக்கு இருக்கும் கட்டுப்பாட்டை நான் எனக்கே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

அந்தப் பேரனையே பாட்டியிடமிருந்து பிரித்துக்கொண்டு போன காலமும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதைகளைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. அமெரிக்காவில் 1879-ல் கார்லைல் பள்ளி தொடங்கியது முதலும், கனடாவில் அதே காலத்திலிருந்து 1990-கள் வரையிலும், பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பெயர்த்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். கனடாவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 50 ஆயிரம் குழந்தைகள். தாய்மொழியில் பேசினால் அடி. 2015-ல் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனக்கொலை என்றே எழுதியது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பாஸில் ஜான்ஸ்டன். 1939-ல் பத்து வயதில், நாலு வயதுத் தங்கையோடு, ஒண்டாரியோவில் ஸ்பானிஷ் என்ற ஊரில் உள்ள பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் டொராண்டோ நகரத்து ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைச் சந்தித்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பையன் பழங்குடி மக்களைப் பற்றிப் பாடம் படித்து, கூடாரம், தோணி, இறகுத் தொப்பி எல்லாம் செய்து வைத்துவிட்டு அலுத்துப்போய், இவ்வளவுதானா, வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டானாம். அந்தக் கேள்வி ஜான்ஸ்டனை விடவில்லை. 1976-ல் ‘ஓஜிப்வே ஹெரிடேஜ்’ என்ற நூலில் தம் பெரியவர்களின் கதைகளை எழுதினார். 1981-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 2015-ல் காலமாகும்வரை மொழியையும் கதையையும் விடவில்லை. கதையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பூட்டியிருந்தால் அந்தப் பையனுக்கு என்ன பதில்? எட்வர்ட் பெண்டன்-பனாய் என்ற மற்றொரு ஓஜிப்வே ஆசிரியரும் 1979-ல் தாத்தா பேரனுக்குச் சொல்லும் பாவனையில் ஒரு நூல் எழுதினார். வெளியார் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் இவர்கள் அச்சில் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், சடங்குகளோடு பிணைந்து அவர்கள் கொடுக்காமல் வைத்திருப்பதைத் தேடிப் போகக் கூடாது. இந்த அளவு எனக்குத் தெளிவாகிவிட்டது.

இனி அழுகை.

நண்பர் கேட்ட ஆறில் நான் முதலில் எடுத்து வைத்தது ராபின் பறவை பிறந்த கதை. ஜேன் எழுதியது. 1826-27 குளிர்காலத்தில் கணவனும் மனைவியுமாகக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார்கள். அந்தக் காலத்துக் கதை.

ஓஜிப்வே பையன் பருவத்துக்கு வரும்போது தனியே ஒரு குடிசையில் நோன்பிருப்பான். பட்டினி கிடந்து கனவு காண்பான். வாழ்நாள் முழுதும் தன்னைக் காக்கும் துணை அந்தக் கனவில் வரும். ஒரு கிழவனுக்கு ஒரே மகன். மற்றப் பையன்கள் எல்லோரையும்விடத் தன் மகன் பெரிய வரம் பெற வேண்டும் என்று கிழவனுக்கு ஆசை. பன்னிரண்டு நாள் நோன்பு என்று நிச்சயித்தான். தினமும் காலையில் போய்த் தைரியம் சொல்வான். உன் புகழ் எப்படிப் பரவப்போகிறது பார் என்பான். மகன் முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பான். நாட்கள் போயின. “அப்பா, என் கனவுகள் நல்லதாக இல்லை. இப்போது நிறுத்திவிட்டு இன்னொரு சமயம் நோன்பிருக்கட்டுமா?” என்று கேட்டான். இன்னும் கொஞ்ச நாள்தானே என்றான் தந்தை. மறுபடியும் கேட்டான். மறுபடியும் அதே பதில். நாளைக்கு நானே உணவு கொண்டுவருவேன் என்று வாக்களித்தான். மறுநாள் விடிகாலையில் உணவோடு போனான். உள்ளே மகன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் குரல் கேட்டது. இடுக்கு வழியே பார்த்தான். மகன் மார்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். கை எட்டுகிற மட்டும் தோளிலும் பூசினான். தந்தை என்னை மனிதனாக இருக்க விடவில்லை. இனி எனக்கு வேறு பிறவி என்று சொல்லிக்கொண்டிருந்தான். கிழவன் பதறி உள்ளே பாய்வதற்குள் பறவையாகிக் குடிசையின் உச்சியில் போய் உட்கார்ந்தான்.

பறவை தந்தையைத் திட்டவில்லை. ஆறுதல் சொல்கிறது. மனிதர்கள் வீட்டருகிலேயே இருப்பேன், பாடுவேன் என்கிறது. இந்த ஆறுதலை மட்டும் வைத்துக்கொண்டு, தந்தையைக் கழற்றிவிட்டால் அழகான கதை தயார்: பையன் ஒருவன் பறவையாக ஆசைப்பட்டான், ஆனான், பாடினான். நண்பருக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

இந்தக் கதையைக் கேட்டு எந்தக் குழந்தை பயப்படும் என்று யோசித்துப் பார்த்தேன். பட்டினி, பிடிவாதம், கெஞ்சினாலும் கேட்காத பெரியவர்கள், இவையெல்லாம் குழந்தைக்குப் புதியவை அல்ல. கதையில் பறந்து போகவாவது முடிகிறது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டுகிறாரே தகப்பனார், அவருக்குத்தான் தொண்டை அடைக்கும். பரீட்சையில் முதலாவதாக வந்தே தீர வேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்குப் பையனை எழுப்பிவிட்டுப் பக்கத்தில் காவல் இருக்கும் தந்தைமார் நம் தெருவில் எத்தனை பேர்! இன்னும் கொஞ்ச நாள்தானே என்ற அந்த வாக்கியத்தை நானும் என் வீட்டில் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். குழந்தை தாங்காது என்று நாம் எடுத்துவிடப் பார்ப்பது நம்மைப் பற்றிய சாட்சியத்தை.

ஜேனின் பின்கதை இதைவிடக் கடினமானது. 1827-ல், அந்தக் கையெழுத்துப் பத்திரிகை நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே, அவருடைய சின்னஞ்சிறு மகன் இறந்துபோனான். 1839-ல் மற்ற இரண்டு பிள்ளைகளையும் கிழக்குக் கரையில் தொலைதூரப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் பிரிவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். ஆங்கிலத்தில் அத்தனை எழுதியவர் அதை ஓஜிப்வேயில் எழுதினார். கணவர் பிறகு அதைத் தம் விருப்பப்படி ஆங்கிலத்தில் ஆக்கினார். ஜேனின் எழுத்துகள் தொகுக்கப்பட்டு அவர் பெயரிலேயே புத்தகமாக வந்தது 2007-ல்.

மரணத்தைப் பற்றியும் நண்பருக்குப் பயம். மிஷிகன் ஏரிக்கரையில் உறங்கும் கரடி என்றொரு மணல் மேடு இருக்கிறது. எதிர்க்கரைக் காட்டில் தீப்பிடிக்க, தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு ஏரியை நீந்திக் கடக்கிறது. தாய் கரையேறிவிடுகிறது, குட்டிகள் கரை தெரியும் தூரத்தில் மூழ்கிவிடுகின்றன. தாய் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறது, மணல் மூடும் வரையில். குட்டிகள் இரண்டும் ஏரிக்குள் இரண்டு தீவுகளாயின. அந்த மேடு காற்றில் கரைந்துகொண்டே வருகிறது: 1961-ல் 132 அடி உயரம் இருந்தது 1980-ல் 103 அடியாகிவிட்டது. குட்டிகள் பிழைத்தன என்று எழுதினால் அந்தத் தீவுகளை என்ன செய்வது? ஓஜிப்வே வம்சாவளியில் வந்த நாவலாசிரியை லூயிஸ் எர்ட்ரிக் 1999-ல் குழந்தைகளுக்கென்று ‘பர்ச்பார்க் ஹவுஸ்’ எழுதினார். நாயகி ஏழு வயதுப் பெண். வீட்டில் பெரியம்மை நுழைகிறது. அவள் உயிராக நினைத்த கைக்குழந்தைத் தம்பி செத்துப்போகிறான். எர்ட்ரிக் அதை மறைக்கவில்லை. அதே வீட்டில் பனி விழுந்ததும் பாட்டி கதை சொல்கிறாள், சிரிப்பும் உண்டு.

எல்லாவற்றையும் எல்லா வயதுக்கும் கொட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வீண்டிகோ என்று ஒரு பிசாசு உண்டு. உள்ளமெல்லாம் பனிக்கட்டி, மனிதர்களைத் தின்னத் தின்னப் பசி வளரும். பஞ்சத்தில் மனிதன் என்ன ஆகிவிடக்கூடும் என்ற பயத்திலிருந்து எழுந்த உருவம். அதை ஐந்து வயதுக் குழந்தைக்கு இருட்டில் சொல்ல மாட்டேன். ஆனால் வீண்டிகோவைப் பல் விளக்காத குழந்தையைப் பிடிக்கும் பூச்சாண்டியாக்கவும் மாட்டேன். சொல்லாமல் வைத்திருந்து, பத்து வயதில் சொல்லலாம். தள்ளிப்போடுவதில் பொய் இல்லை.

நண்பருக்கு நாலு கதைதான் கொடுத்தேன். பெயர்களை மாற்றவில்லை, நானபோஜோவுக்குத் தலைப்பாகை கட்டவில்லை. பின்புறம் காவல் காத்தது அப்படியே இருக்கிறது. ராபினின் தந்தையும் இருக்கிறார். யார் சொல்லி, யார் எழுதி, நான் எந்த மொழியில் படித்தேன் என்பதை ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் இரண்டு வரியில் போடச் சொன்னேன். குழந்தைகள் அதைப் படிக்க மாட்டார்கள் என்றார். படிக்கிற குழந்தை ஒன்று இருந்தாலும் போதும் என்றேன். முடிவில் நீதி எழுத மறுத்துவிட்டேன். அவர் முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டார்.

கோடை மலர் விஷயத்தில்தான் நீண்ட வாதம். மலருக்கு விளம்பரம் கொடுத்தாகிவிட்டது என்றார். என் பழைய கதைகளில் ஒன்றை எடுத்துக்கொடுத்து அந்த இடத்தை நிரப்பினேன். மார்கழி இதழுக்கு முதல் கதையாக ஷிங்கெபிஸ் போகிறது. தனியாகக் குடிசையில் இருக்கும் சிறு வாத்து அது. நாலு மாதக் குளிருக்கு அதனிடம் நாலே நாலு கட்டை விறகு. வாடைக்காற்று என்னென்னவோ செய்து பார்க்கிறது. வாத்து பாட்டுக்குப் பனியில் துளை போட்டு மீன் பிடித்து வந்து, நெருப்பருகே உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. இதில் நண்பருக்கு எடுப்பதற்கு ஒன்றுமே அகப்படவில்லை.

“மார்கழியில் சென்னையில் என்ன பெரிய பனி பெய்துவிடப் போகிறது, சார்?” என்று மட்டும் கேட்டார்.

அங்கே பெய்துகொண்டிருக்கும் என்றேன்.